கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேலை



ஆறாவது செமஸ்டர் வந்துவிட்டால் நம் ஹாஸ்டல் வராந்தாவில் ஒரே ஒரு கேள்விதான் சுற்றிக்கொண்டிருக்கும். "பிராஜெக்ட் எங்கேடா வாங்கினே?" கவனியுங்கள். "என்னடா செய்றே?" இல்லை... "எங்கே வாங்கினே?"!

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் ஒரு பிராஜெக்ட் சென்டர் இல்லாத ஊர் உண்டா? கேட்ட தொகையைக் கட்டினால் புரோகிராமும் ரிப்போர்ட்டும் பைண்டிங் போட்டுத் தந்துவிடுவார்கள். வைவாவில் என்ன கேள்வி வரும், அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதே பில்லில் அடக்கம். நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, வருகைப் பதிவு... போன வருஷமும் அதேதான், அதற்கு முந்தின வருஷமும் அதேதான். மார்க் வந்த பிறகு அந்த நூலக மேலாண்மையில் ஒரு புத்தகத்தையாவது யாராவது எடுத்திருப்பார்களா? சி.டி.யோடு சேர்த்து அலமாரியில் தூங்கும். அவ்வளவுதான்.

இதற்கு மாணவனை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. "புதுமையாக ஏதாவது செய்யுங்கள்" என்று நம்மிடம் கேட்கிறார்கள். பத்தொன்பது வயசில், மூன்று மாசத்தில், நடுவில் யூனிட் டெஸ்ட்டும் அரியரும் எழுதிக்கொண்டு, உலகத்தில் இல்லாத எதைச் செய்துவிட முடியும்? முடியாது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதனால் வாங்குகிறோம். கேள்வியே கோளாறு என்பதுதான் என் கருத்து. புது மென்பொருளுக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. இருக்கிற மென்பொருளை ஒழுங்காகப் பொருத்தி, பழுது பார்த்து, அடுத்தவன் கம்ப்யூட்டரில் அலுங்காமல் ஓட வைக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். அந்த வேலைக்குப் பேக்கேஜிங் என்று பெயர். (தமிழில் 'பொதி' என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ கழுதைதான் ஞாபகம் வருகிறது. பேக்கேஜ் என்றே வைத்துக்கொள்வோம்.)

நாம் எல்லோரும், கம்ப்யூட்டர் பிரிவு, சிவில் பிரிவு என்ற பேதமில்லாமல், முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் நின்றவர்கள். இரும்புத் தகட்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி ராவி... இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்ததும் ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதி தெரிந்தவர்களுக்கு இந்த வேலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒருவர் டிசைன் செய்கிறார், இன்னொருவர் பொருத்துகிறார். பொருத்துகிறவர் இல்லாவிட்டால் டிசைன் வெறும் காகிதம்தான். மென்பொருள் உலகில் டிசைன் செய்கிறவருக்குத்தான் கைதட்டல். பொருத்துகிறவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அதுவும் நமக்குப் பழக்கப்பட்ட விஷயம்தானே?

நான் சொல்லப்போவது டெபியன் பற்றி. 1993 ஆகஸ்டு 16 அன்று இயன் மர்டாக் என்ற மாணவர் தொடங்கி வைத்த லினக்ஸ் இயங்குதளம் அது. தன் பெயரில் பாதியையும் அப்போதைய காதலி டெப்ராவின் பெயரில் பாதியையும் ஒட்டவைத்துப் பெயர் வைத்தார். மர்டாக் 2015 கடைசியில் மறைந்துவிட்டார். அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் கிட்டத்தட்ட 70,000 பேக்கேஜ்கள் இருக்கின்றன. இதை நடத்துவது கம்பெனி அல்ல. உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பகுதி நேரத்தில் செய்கிறார்கள். உபுண்டு இதன் மேல் கட்டப்பட்டதுதான். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அப்படியே. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் நம் அண்ணன், அக்காமார் வாங்கி வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸும் ஒரு மூலையில் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை.

சரி, இந்தப் பேக்கேஜ் என்பது என்னதான்?

எழுதியவர் தரும் மூல நிரலை அப்படியே எடுத்து ஓட்ட முடியாது. அதற்கு வேறு பத்து லைப்ரரிகள் வேண்டும். அந்தப் பத்தும் சரியான பதிப்பாக இருக்க வேண்டும். எந்த ஃபைல் எந்த அடைவில் போய் உட்கார வேண்டும், பழைய பதிப்பு இருந்தால் என்ன செய்வது, நீக்கும்போது எதை விட்டுவைப்பது... இந்த விவரங்களையெல்லாம் மூல நிரலோடு சேர்த்துக் கட்டிய மூட்டைதான் பேக்கேஜ். "இன்ஸ்டால்" என்று ஒரு வரி அடித்ததும் எல்லாம் தானாக வந்து இறங்குகிறதே, அந்தத் 'தானாக' என்ற சொல்லுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ராத்திரி கண் விழித்திருக்கிறார்.

பதிப்பு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் முக்கால்வாசித் தலைவலி அங்கேதான். நம் ஒர்க்‌ஷாப்பில் பத்து எம்.எம். போல்ட் இரண்டு ரகம் உண்டு. ஒன்றின் பிட்ச் 1.5, இன்னொன்றுக்கு 1.25. இரண்டும் எம்-10 தான். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இதன் நட்டை அதில் போட்டால் ஒரு சுற்று போகும், அப்புறம் இறுகும். முரட்டுத்தனமாகத் திருகினால் மரை போய்விடும். லைப்ரரிகளும் அப்படியே! பெயர் ஒன்று, மரை வேறு. ஓப்பன் எஸ்.எஸ்.எல். லைப்ரரியின் 1.1-க்காகக் கம்பைல் செய்த புரோகிராமை 3-இல் மாட்டினால் ஓடாது. அதனால்தான் டெபியனில் மரை மாறும்போதெல்லாம் லைப்ரரி பேக்கேஜின் பெயரையே மாற்றிவிடுகிறார்கள். பெயரைப் பார்த்தாலே பிட்ச் தெரிய வேண்டும் என்பது கணக்கு. பிறகு அந்த லைப்ரரியை நம்பியிருக்கும் அத்தனை பேக்கேஜையும் வரிசையாக மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

இதற்குப் பெரிய உதாரணம் 2024-இல் நடந்தது. 32 பிட் எண்ணில் விநாடிகளை எண்ணிக்கொண்டு போகிற கம்ப்யூட்டர்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று எண் நிரம்பிவிடும். கடிகாரம் பின்னோக்கிக் குதித்து 1901-க்குப் போய்விடும். அதைத் தடுக்க நேரத்தைக் குறிக்கும் எண்ணை 64 பிட்டாக மாற்ற வேண்டும். மாற்றினால் மரை மாறும். ஆகவே டெபியன்காரர்கள் லைப்ரரிப் பெயர்களின் வாலில் 'டி64' என்று சேர்த்து, ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களைத் திரும்பக் கட்டினார்கள். பதினாலு வருஷம் கழித்து வரப்போகிற கோளாறுக்கு, சம்பளம் கேட்காமல் இன்றைக்கே மராமத்து! நம் ஊரில் குழாய் உடைந்த பிறகுகூட ஆள் வருவதில்லை.

இனி தொழிலுக்கு வருவோம். ஒரு டெபியன் பேக்கேஜைப் பிரித்தால் மூல நிரலோடு 'டெபியன்' என்றே ஓர் அடைவு இருக்கும். நம் கைவேலை முழுக்க அதற்குள்தான். முக்கியமாக நாலு ஃபைல்.

முதலாவது கன்ட்ரோல். பேக்கேஜின் பெயர், பொறுப்பாளர், விவரம், அதற்குத் தேவையானவை என்ன என்பதெல்லாம் இதில். தேவைகளில் இரண்டு வகை உண்டு. புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடம் இது. கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, அண்டா, கரண்டி எல்லாம் சமைப்பதற்கு வேண்டும். இலையும் டம்ளரும் சாப்பிடுவதற்கு வேண்டும். பந்தியில் அண்டாவைக் கொண்டுவந்து வைக்கிறவனையும், சமையல்கட்டில் இலையைத் தேடுகிறவனையும் என்ன சொல்வோம்? கட்டுவதற்கான தேவை, ஓடுவதற்கான தேவை இரண்டையும் தனித்தனியே எழுதத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டாவது ரூல்ஸ். இது ஒரு மேக்ஃபைல். முன்பு பக்கம் பக்கமாக எழுதினார்கள். இப்போது டெப்ஹெல்ப்பர் என்ற துணைக்கருவி இருப்பதால் பல பேக்கேஜ்களுக்கு மூன்றே வரிதான். ஆனால் மூன்றாவது வரியின் தொடக்கத்தில் டேப் விசையைத்தான் தட்ட வேண்டும். ஸ்பேஸ் போட்டால் ஓடாது. மூன்றாவது சேஞ்ச்லாக், அதாவது மாற்றங்களின் பதிவேடு. நம் ரெக்கார்டு நோட்டில் மார்ஜின் விடாவிட்டால் திருப்பி எறிகிற சார் இருப்பாரே, அவரைவிடக் கறார். கடைசி வரியில் பெயருக்கு முன் ஒரு ஸ்பேஸ், இரண்டு கோடு. தேதிக்கு முன் இரண்டு ஸ்பேஸ். இதில் ஒன்று குறைந்தாலும் கருவி முறைத்துக்கொள்ளும்.

நாலாவது காப்பிரைட். எல்லோரும் கொட்டாவி விடும் ஃபைல், ஆனால் புதிய பேக்கேஜ்கள் அதிகமாகத் திரும்பி வருவது இதனால்தான். ஒவ்வொரு ஃபைலையும் எழுதியது யார், என்ன உரிமத்தில் தந்தார் என்று எழுத வேண்டும். "இலவசம்" என்று போட்டிருந்தால் போதாது. மாற்றவும், மாற்றியதை மற்றவர்களுக்குக் கொடுக்கவும் அனுமதி இருக்க வேண்டும். நம் தமிழ் எழுத்துருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் அள்ளிக் கிடக்கின்றன, உரிமம் என்னவென்று ஒரு வரியும் இல்லாதவை எத்தனையோ. அவற்றை டெபியனில் சேர்க்க முடியாது. லோஹித், சம்யக், மீரா போன்றவை உரிமத்தைத் தெளிவாக எழுதியிருந்ததால் உள்ளே இருக்கின்றன. ஆக, சட்டம் படிக்காமலே கொஞ்சம் சட்டம் கற்றுக்கொள்கிறோம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மலைக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், ஆரம்பிக்க. டெபியன் போட்ட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். 64 பிட் பெட்டியாக இருக்கட்டும், ஏனென்றால் 13-ஆம் பதிப்பை நிறுவ பழைய 32 பிட் பி.சி.க்கு நிறுவுவட்டு கிடையாது. நம் லேபில் பின்வரிசைப் பெட்டிகளைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளவும். 'பேக்கேஜிங் டுடோரியல்' என்ற பாடப் புத்தகமே ஒரு பேக்கேஜாக இருக்கிறது. அதை நிறுவிக்கொள்ளுங்கள். அடுத்து, மூல நிரல் வரிகளை இயக்கிவிட்டு 'ஆப்ட் சோர்ஸ் ஹலோ' என்று அடியுங்கள். 'ஹலோ' ஒரு சின்னஞ்சிறு புரோகிராம். வணக்கம் சொல்வதைத் தவிர உருப்படியாக ஒன்றும் செய்யாது. ஆனால் முறைப்படி கட்டிய பேக்கேஜ். கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மாடல் கிடையாது. அதற்குத் தேவையானவற்றை 'பில்ட்-டெப்' கட்டளையால் வரவழைத்து, கட்டிப் பாருங்கள். பிறகு விவரத்தில் ஒரு சொல்லை மாற்றி, பதிவேட்டில் எழுதி, மறுபடி கட்டி, நிறுவிப் பாருங்கள். பதிப்பு எண் 2.10-3 என்று இருந்தால், கோட்டுக்கு முன்னால் இருப்பது எழுதியவரின் எண், பின்னால் இருப்பது பொருத்தியவரின் எண். அந்த 3 நாலாக மாறியதைத் திரையில் பார்க்கும்போது... அட, சொன்னால் புரியாது, செய்து பாருங்கள்!

கட்டியதும் 'லின்டியன்' என்ற கருவியிடம் கொடுத்தால் குற்றம் குறைகளை வரிசைப்படுத்தித் தரும். மாமியார் மாதிரி. ஆனால் ஒவ்வொரு குறைக்கும் காரணமும் சொல்லும், அந்த விதத்தில் மேல். 'எஸ்பில்ட்' என்று இன்னொன்று. அது எதுவுமே இல்லாத காலி அறையில் பேக்கேஜைக் கட்டிப் பார்க்கும். "என் மெஷினில் ஓடுச்சே சார்" என்று நாம் லேபில் சொல்கிற சமாதானம் இங்கே செல்லாது.

அடுத்து என்ன? இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள். "டெபியனில் இல்லாத புது சாஃப்ட்வேர் ஒன்றைச் சேர்க்கிறேன்" என்று கிளம்புகிறார்கள். மறுபடியும் அதே 'புதுசு' மோகம்! சேர்ப்பது சுலபம், அப்புறம் வருஷக்கணக்கில் யார் பார்த்துக்கொள்வது? பிள்ளையைப் பெற்றுவிட்டுப் பிழைக்கப் போய்விட்டால் எப்படி? அப்படிக் கைவிடப்பட்ட பேக்கேஜ்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. டெபியனிலேயே அவற்றுக்கு அனாதை என்றுதான் பெயர். பொறுப்பாளருக்கு வேலை மாறியிருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும், அலுத்துப் போயிருக்கும். அந்தப் பட்டியலை எடுத்து, நமக்குப் புரிகிற மொழியில் எழுதப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு கோளாறைச் சரி செய்வோம். 'ஹவ் கேன் ஐ ஹெல்ப்' என்று ஒரு பேக்கேஜ் உண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பவற்றில் எது எது ஆள் இல்லாமல் தவிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

எந்த மாதிரிக் கோளாறு? நம் தரத்துக்கு ஏற்றதாக ஒன்று சொல்கிறேன். நம் சி லேபில் ஹெடர் ஃபைலைச் சேர்க்காமல் ஃபங்ஷனைக் கூப்பிடுவோம், கம்பைலர் வார்னிங் என்று முனகும், நாம் கண்டுகொள்ளாமல் அவுட்புட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். இது நம் வியாதி மட்டுமல்ல, உலகம் முழுக்க இருந்த வியாதி. 2024-இல் வந்த ஜி.சி.சி. 14 கம்பைலர் "இனி முனக மாட்டேன், நிறுத்திவிடுவேன்" என்று அதைப் பிழையாகவே அறிவித்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன் எழுதி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல புரோகிராம்கள் கட்டும்போதே படுத்துக்கொண்டன. சரி செய்ய வேண்டியது என்ன? பல இடங்களில் ஒரே ஒரு ஹெடர் வரி! ஆனால் எந்த வரி, ஏன், அதைச் சேர்த்தால் வேறு எங்காவது உதைக்குமா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். டர்போ சி-யில் 'கெட்ச்' போட்டுப் பழகியவனும் செய்யலாம்.

செய்ததை எங்கே கொடுப்பது? நமக்கு நேரடியாக ஏற்றும் உரிமை கிடையாது. திருத்தத்தைக் கோளாறுப் பதிவோடு இணைத்து அனுப்பலாம், அல்லது முழு பேக்கேஜையும் கட்டிக் காட்டலாம். அனுபவமுள்ள டெபியன் டெவலப்பர் ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்து, சரியென்றால் தன் கையொப்பத்தோடு ஏற்றிவிடுவார். அது முதலில் நிலையற்ற பிரிவுக்குப் போகும், சில நாள் பெரிய புகார் இல்லாவிட்டால் சோதனைப் பிரிவுக்கு, பிறகு அடுத்த பதிப்போடு உலகத்துக்கு. நிறைய நாள் ஒழுங்காகச் செய்தால் நாமே உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். அங்கே என்ன கேட்கிறார்கள் தெரியுமா? நீ இன்னார்தான் என்று ஏற்கெனவே உள்ள உறுப்பினர் சாட்சி சொல்ல வேண்டும், வேலை தெரிந்திருக்க வேண்டும், அவர்களுடைய சமூக ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். பி.இ.யா, டிப்ளமோவா என்று ஒரு கட்டம்கூட அந்த விண்ணப்பத்தில் இல்லை! "டிகிரி ஹோல்டர்ஸ் ஒன்லி" என்ற வரியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன நமக்கு இது சின்ன விஷயமா?

இதைப் படித்துவிட்டு "ஃபைல் ஒட்டுகிற வேலைக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்காக இரண்டு சம்பவங்கள்.

2006-இல் டெபியனில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். பேக்கேஜைப் பார்த்துக்கொண்டவர், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காக இரண்டு வரிகளை முடக்கினார். மூல ஆசிரியர்கள் தரப்பில் கேட்டுவிட்டுத்தான் செய்தார். ஆனால் அந்த வரிகளில்தான் ரகசியச் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல் தன்மை உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் சுமார் 32,000 சாவிகளுக்குள் அடங்கிவிட்டன. பூட்டுக்கடையில் இருக்கிற எல்லாப் பூட்டுக்கும் ஒரே கொத்துச் சாவி போல. 2008 மே 13 அன்று விஷயம் வெளியே வந்தது. உலகமெங்கும் சர்வர்களின் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. எச்சரிக்கையை நிறுத்துவது வேறு, எச்சரிக்கைக்கான காரணத்தைத் தீர்ப்பது வேறு என்று ஒர்க்‌ஷாப்பில் நமக்குச் சொல்வார்கள். ஃபியூஸ் போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றுகிற கதை!

இரண்டாவது 2024-இல். எக்ஸ்.இசட். என்பது ஃபைலைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். ஏறக்குறைய ஒரே ஆள், சொந்த நேரத்தில் பராமரித்து வந்தார். சோர்ந்து போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, ஏறத்தாழ இரண்டு வருஷம் நல்ல பிள்ளையாக உதவி செய்து, நம்பிக்கையைப் பெற்று, வெளியிடும் பொறுப்பையும் வாங்கிக்கொண்டார். பிறகு 5.6.0 பதிப்பில் ஒரு கள்ளக் கதவை வைத்தார். எப்படி என்பதுதான் நமக்குப் பாடம். எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் அந்தக் கதவைத் திறக்கும் துணுக்கு இல்லை. பேக்கேஜ் கட்டுகிறவர்கள் எடுக்கும் வெளியீட்டு மூட்டையில் மட்டும் இருந்தது. அதுவும், டெப் அல்லது ஆர்.பி.எம். பேக்கேஜாகக் கட்டுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அது விழிக்கும். அதாவது, அவன் குறிவைத்தது நம் வாசலை! வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாகப் புகுவது திட்டம். மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதை அம்பலப்படுத்தினார். அவருக்குச் சந்தேகம் வந்தது எதனால்? டெபியனின் நிலையற்ற பிரிவில் வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, உள்நுழைவது அரை விநாடி தாமதமானது. அரை விநாடி! "ஏதோ ஸ்லோவா இருக்கு, விடு" என்று அவர் போயிருந்தால் அது நிலையான பதிப்புகளுக்குள் இறங்கி, எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பாங்க் சர்வர்களில் கதவு திறந்திருக்குமோ.

சர்வதேசப் பாதுகாப்பு என்பது பெரிய பெரிய ஆபீஸ்களில் மட்டும் இல்லை, நாலு ஃபைலைச் சோம்பல்படாமல் பார்க்கிற ஒருவரின் மேஜையிலும் இருக்கிறது. ஆள் போதாமல் ஒருவரே சோர்ந்து நின்ற இடத்தில்தான் திருடன் "உதவட்டுமா?" என்று வந்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி ஆட்சேபணைகள். "இப்போதெல்லாம் டாக்கர், கன்டெய்னர் வந்துவிட்டதே, பேக்கேஜ் எதற்கு?" என்று விவரம் தெரிந்த நண்பர்கள் கேட்பார்கள். கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். பைத்தானுக்கு டாக்கரில் உள்ள அதிகாரபூர்வமான படிமமே டெபியன் மேல்தான் நிற்கிறது. டிபன் கேரியர் புதுசு, உள்ளே அதே சாம்பார். "ஏ.ஐ. எழுதித் தந்துவிடுமே?" ரூல்ஸ் ஃபைலை எழுதித் தரும், ஒப்புக்கொள்கிறேன். தப்பாகப் போனால் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர், அதன் பெயர் அல்ல.

இங்கிலீஷ்? இதுதான் நம்மில் பலருக்கு உண்மையான பயம். ஆனால் இங்கே எழுதுவது கட்டுரை அல்ல. "இந்தப் பதிப்பில், இப்படிச் செய்தால், இந்தப் பிழை வருகிறது, இந்தத் திருத்தம் போட்டேன், ஓடுகிறது." நாலு வரி. உலகமெங்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள்தான் அங்கே அதிகம் புழங்குகிறார்கள். நேரில் கேட்க வேண்டுமா? 2023 ஜனவரியில் விழுப்புரத்திலேயே மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே வருஷம் செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே பக்கத்துக் கொச்சியில் நடந்தது. தமிழில் பேசி, கையைப் பிடித்துச் சொல்லித்தரும் லினக்ஸ் பயனர் குழுக்கள் நம் மாநிலத்தில் உண்டு.

பணம் வருமா என்றால், நேராகச் சொல்கிறேன், உடனே வராது. பழைய பதிப்புகளைப் பராமரிக்கச் சிலருக்குச் சம்பளம் தருகிற நிறுவனங்கள் உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் போன்ற திட்டங்களில் டெபியன் பல வருஷம் கலந்துகொண்டிருக்கிறது, தேர்வானால் உதவித்தொகை உண்டு. இவை எல்லோருக்கும் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதையும் மறைக்க மாட்டேன். எதிரே இருப்பவரும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறவர்தான். ஆனால் இண்டர்வியூவில் "என்ன பிராஜெக்ட்?" என்று கேட்டால், வாங்கிய ரிப்போர்ட்டை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கும், "இந்தப் பேக்கேஜின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள் சார், இந்தத் தேதியில் என் பெயர் இருக்கும்" என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டா இல்லையா? முதலாவதில் கை நடுங்கும்.

ஆகவே நம் சங்கத்தின் மூலம் துறைத்தலைவர்களிடம் வைக்க விரும்பும் கோரிக்கை சின்னதுதான். இறுதியாண்டு பிராஜெக்ட் வகைகளில் "புழக்கத்தில் உள்ள கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் பராமரித்தல்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நாலு பேர் கொண்ட குழு, ஒரு அனாதை பேக்கேஜ், குறைந்தது மூன்று கோளாறுகள். டெபியன் ஏற்றுக்கொண்டதா இல்லையா என்பதை வைத்து மார்க் போட வேண்டாம், அது நம் கையில் இல்லை. கோளாறைக் கண்டுபிடித்த விதம், திருத்தம், காலி அறையில் கட்டிக் காட்டுவது, எதிரே இருப்பவர் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில், இவற்றுக்குப் போடுங்கள். வைவாவில் எங்கள் முன்னாலேயே கழற்றி மாட்டச் சொல்லுங்கள். லேபில் இரண்டே இரண்டு 64 பிட் பெட்டியில் டெபியன் போட்டு, சனிக்கிழமை மதியம் திறந்து வைத்தால் போதும். லைசன்ஸ் செலவு கிடையாது, கரண்ட் செலவு மட்டும்தான்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். ஆதரிப்பவர்கள் துறைவாரியாகத் தங்கள் வகுப்புப் பிரதிநிதியிடம் பெயர் கொடுக்கலாம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் தாராளமாக வரலாம். அரம் பிடித்த கைகளுக்குத்தான் அங்கே வேலை.